சொரிமுத்துவைக் கடித்த கொசுக்கள்

நெடுங்கரிசலில் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும் என்பதாலும், வந்த தண்ணீரை அடுத்த பதினோரு நாளைக்கும் டிரம்மிலும் அண்டாவிலும் சிமென்ட் தொட்டியிலும் உடைந்த ஆட்டுக்கல்லின் குழியிலும்கூடப் பிடித்து வைக்காத வீடு அந்த ஊரில் கிடையாது என்பதாலும், அங்கே கொசுக்கள் மனிதர்களைவிடப் பழைய குடிகளாக இருந்தன. அவற்றைக் கொல்வதற்கென்றே நகராட்சி ஒப்பந்தத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்த்து வந்த சொரிமுத்துவைக் கடித்த கொசுக்கள், ஒரு ஆவணி மாதத்துத் திங்கட்கிழமையிலிருந்து, சாகவில்லை.

முதலில் கண்டவள் உடன் வேலை பார்க்கும் பாக்கியம். காலை ஏழு மணிக்கு நகராட்சிக் கொட்டகையில் மருந்து கலக்கும்போது, மருந்துக் கையால் தன்மேல் தானே அடித்துக்கொண்டால் தெறித்துக் கண்ணில் படும் என்பதற்காக, ஒருவர் மேல் உட்கார்ந்த கொசுவைப் பக்கத்தில் நிற்பவர்தான் அடிக்க வேண்டும் என்று அந்தத் தொழிலாளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அதற்குக் கோபப்படக் கூடாது, எவ்வளவு பலமாக அடித்தாலும் சரி. பாக்கியம் சொரிமுத்துவின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தாள். கொசு அவள் உள்ளங்கையில் நசுங்கி, வயிற்று ரத்தம் ரேகையில் கோடாக இழுபட்டுக் கிடந்தது. கையைத் துடைக்க அவள் முந்தானையை எடுப்பதற்குள் அது ஒரு காலை நீட்டியது, பிறகு இன்னொரு காலை நீட்டியது, பஸ் கூட்டத்தில் இடிபட்டு இறங்கியவர் சட்டையை நீவிக்கொள்வது மாதிரி இறக்கைகளை நீவிக்கொண்டது, இடது பின்னங்கால் மட்டும் கோணலாகத் தொங்க, எழுந்து பறந்து போனது.

"அண்ணாச்சி, ஒங்க ரத்தத்துல என்னத்தக் கலந்து வச்சிருக்கீய?" என்றாள் பாக்கியம்.

"அதான் ஆறு வருசமா வெள்ளை அணு கலந்து கெடக்கே" என்றார் சொரிமுத்து.

கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தபோது வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருப்பது தெரிந்து, திருநெல்வேலிக்குப் போய்க் காட்டியதில், இது ரத்தப் புற்றுநோய், ஆனால் மெதுவாக நடக்கிற வகை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள், பார்த்துக்கொண்டே இருப்போம் என்று சொல்லியிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு வைத்தியம்தான் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவருடைய உத்தியோகமே அதுதானே. பதினான்காவது வார்டில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்; வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், டிரம்முக்குள் டார்ச் அடித்து, வெள்ளை அகப்பையில் தண்ணீரை மொண்டு புழு நெளிகிறதா என்று பார்த்து, சின்னக் குறையென்றால் மருந்து ஊற்றி, பெரிய குறையென்றால் "கவுத்துருங்க தாயீ" என்று சொல்லி, முன்வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட்டு வருவார்.

சுகாதார ஆய்வாளர் தவசிமணி முறை தவறாத மனிதர். சொரிமுத்துவைக் கடித்த மூன்று கொசுக்களைப் பிடித்து, மருந்தில் நனைத்த காகிதத்தின் மேல் விட்டு, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடினார். இருபத்திநாலு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் "இறந்தவை: இல்லை" என்று எழுதினார். மருந்தில்தான் கோளாறு என்று மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். வேறு மருந்து வந்தது. அதற்கும் "இறந்தவை: இல்லை." மூன்றாவதாக வந்த மருந்தின் நெடிக்குக் கொட்டகையின் பல்லிகள் எல்லாம் வெளிநடப்புச் செய்தன. டம்ளருக்குள் இருந்த மூன்றும் அடுத்த நாள் காலையில் வரிசையாக உட்கார்ந்து தவசிமணியை ஏறிட்டுப் பார்த்தன. மற்றவர்களைக் கடித்த கொசுக்கள் எல்லா மருந்துக்கும் ஒழுங்காகச் செத்துக்கொண்டிருந்தன என்பதை அந்த அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் செத்ததைப் பற்றிக் கடிதம் எழுதும் வழக்கம் அங்கே இல்லை.

"சார், குத்தம் மருந்துல இல்ல" என்றாள் பாக்கியம் கடைசியில். "கடிபட்ட ஆளுல இருக்கு."

இப்படியாகச் செய்தி ஊருக்குள் வந்தது. நெடுங்கரிசல் அதை எடுத்துக்கொண்ட விதம், குழாயில் ஒருநாள் முன்னதாகத் தண்ணீர் வந்துவிட்டால் எடுத்துக்கொள்ளும் விதம்தான்: ஏன் என்று கேட்காமல், என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். சலூன் கடைக்காரர், ஷேவ் செய்யும்போது கொசுவை அடிக்க நேர்ந்தால், அடித்த பிறகு ஒரு நிமிஷம் பொறுத்து அது எழுகிறதா என்று பார்த்துவிட்டே கத்தியைத் தொட்டார். டீக்கடையில் டம்ளரின் மேல் உள்ளங்கையை மூடிக்கொண்டு குடிக்கப் பழகினார்கள். நகராட்சிப் பள்ளி வாத்தியார் ஒருவர் அந்தக் கொசுக்களில் ஒன்றை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்து மூடி, காலாண்டு விடுமுறை கழித்துத் திறந்தபோது அது எழுந்து, சோம்பல் முறித்துவிட்டுப் போனது. பிறகு ஊரில் ஒவ்வொருவரும் தன்னைக் கடித்த கொசு எத்தனை அடிக்குச் சாகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள், அப்போதுதான் அதுவரை யாரும் கவனிக்காத ஒன்று தெரிய வந்தது: எல்லாருடைய ரத்தமும் ஒன்றில்லை. பெரும்பாலோரைக் கடித்தது ஒரே அடியில் செத்தது. மேலத்தெருவில் ஒரு குடும்பத்தில் மட்டும் ஒன்றரை அடி, அதாவது அடித்த பிறகு கொஞ்சம் தேய்க்க வேண்டியிருந்தது. தவசிமணியைக் கடித்தது கை ஓங்கும்போதே பயத்தில் செத்துவிடும் என்று கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். சொரிமுத்துவின் அக்கா சங்கரவடிவைக் கடித்த கொசுவுக்கு இரண்டு அடி தேவைப்பட்டது. அது எழும், ஆனால் இரண்டாவது அடிக்குக் கட்டாயம் சாகும்.

சங்கரவடிவு தம்பியின் வார்டில்தான், முப்பத்தெட்டாவது வீட்டில், இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த யாரையும் நிற்க விட மாட்டாள். மணிக்கட்டைப் பிடித்து, "உக்காருல, உக்காரு, அப்படி என்ன அவசரம்" என்று உட்கார வைத்து, காபி கையில் வந்த பிறகுதான் பிடியை விடுவாள். இது அப்பாவிடமிருந்து வந்தது. ரயில்வே கேட்டில் வேலை பார்த்த அப்பா, கேட் மூடியிருக்கும்போது காத்து நிற்கிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து உட்கார வைத்துப் பேசப் பேச, ரயில் போய்க் கேட் திறந்த பிறகும் ஒருவரும் எழுந்து போகாத நாட்கள் உண்டு. வாரா வாரம் வியாழக்கிழமை சொரிமுத்து அந்த வீட்டுக்கு வரும்போதும் அதுதான் நடந்தது. மொட்டை மாடியில் ஒரு பெரிய சிமென்ட் தொட்டி இருந்தது. பதினான்கு படி ஏற வேண்டும். "நான்லாம் மூடித்தாம்ல வச்சிருக்கேன், காபியக் குடி" என்பாள் அக்கா. அவர் குடிப்பார். கதவுக்குப் பின்னால் இருக்கும் அட்டையில் கையெழுத்துப் போடுவார். பதினோரு வருடமாக அந்தத் தொட்டியை அவர் பார்த்ததில்லை.

புரட்டாசியில் வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படுக்கையில் கிடக்கும் தகப்பனை ஆட்டோவில் கிடத்திக்கொண்டு, டயாலிசிஸில் இருக்கும் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சாகாத கொசு ஒரு கடி கடித்தால் போதும் என்று வந்தார்கள். அந்தக் கொசுக்கள் யாரையும் கடிக்கவில்லை. சொரிமுத்துவைக் கடித்த அந்த ஒரு கடிக்குப் பிறகு அவற்றுக்குப் பசியே இல்லாமல் போயிருந்தது. வந்தவர்களின் முழங்கையில், நெற்றியில், போர்வை மடிப்பில் வந்து உட்கார்ந்து, சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்து போயின. வந்தவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. பார்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு, சங்கரவடிவிடம் மாவு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சொரிமுத்துவுக்கு இதெல்லாம் கூச்சமாக இருந்தது, ஆனால் அந்தக் கூச்சத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கொன்றே பழகிய தன் உடம்பிலிருந்து ஒரு துளி எடுத்துக்கொண்ட உயிர்கள், வெயிலில் இறக்கை மினுங்கத் திரிவதைப் பார்க்கும்போது, குளித்துவிட்டுப் புதுச் சட்டை போட்டுக்கொண்டவர் மாதிரி அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

ஐப்பசியில் இடம் போதாமல் போனது. அவை கெடுதல் எதுவும் செய்யவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். தினமும் நூறோ இருநூறோ அவரைக் கடித்தன, கடித்தவை எல்லாம் இருந்தன, பழையவற்றோடு புதியவை சேர்ந்தன. துணி காயப்போடும் கொடியில் துணிக்கு இடமில்லை. ஜன்னல் கம்பிகள் கறுப்புக் கம்பளி போர்த்தியது மாதிரி தடித்தன. முருங்கைப் பூவுக்குள் அவை உட்கார்ந்திருந்ததால் தேனீ நுழைய முடியாமல், அந்த மாதம் ஒரு மரமும் காய் பிடிக்கவில்லை. தும்பி வரவில்லை, பட்டாம்பூச்சி வரவில்லை, வேலையுள்ள எந்தப் பூச்சிக்கும் வேலையில்லாத இந்தக் கூட்டம் வழி விடவில்லை. ஊருக்கு மேலே இடைவிடாத ஒரு ரீங்காரம் நின்றது. கொஞ்ச நாளில் ஊர் அதைக் கேட்பதையே விட்டுவிட்டது.

அதே ஐப்பசியில் சொரிமுத்துவுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒன்று திரண்டு, நாலு வாய் சோற்றுக்கே வயிறு நிறைந்துவிட்டது. அவர் மனைவி பொன்னுத்தாய் நாள் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை, பையில் துண்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் திணித்துக்கொண்டு, "கெளம்புங்க" என்றாள். சங்கரவடிவும் கூட வந்தாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸீமா பானு வயிற்றை அழுத்திப் பார்த்து, ரத்தத்தைப் பலவிதமாகச் சோதிக்க அனுப்பி, பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொல்லி மூன்று பேரையும் எதிரே உட்கார வைத்தார். சொரிமுத்து கொசுவைப் பற்றிச் சொன்னார். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "எத்தனை வாரமா?" என்று கேட்டு, "பதினொண்ணு" என்றதும் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டார்.

"சொல்றதைக் கவனமாக் கேளுங்க" என்றார். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு மேற்பார்வைக்காரர் இருக்கார். பேரு பி ஐம்பத்து மூணு. செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னால எல்லாம் சரியா இருக்கான்னு பார்ப்பார். சின்னக் கோளாறுன்னா, நில்லு, சரி பண்ணிட்டுப் போன்னுவார். சரி பண்ணவே முடியாதுன்னா, போதும்பா, நீ கிளம்புன்னுவார்."

சொரிமுத்து நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "கொசு ஆபீஸ்காரன் மாதிரி."

"கொசு ஆபீஸ்காரர் மாதிரியேதான்."

"சொன்னா அது கேக்குமா, டாக்டர்? நாங்க கவுத்துருங்கன்னா ஒரு வீட்டுலயும் கேக்க மாட்டாங்க."

"கேட்கும். அதுதான் அதிசயம். தானே தன்னை மடிச்சு, சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி, பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு இல்லாமப் போயிடும். இப்படி வேளை வந்து விலகிப் போற செல்லுங்க ஒரு நாளைக்கு நம்ம ஒவ்வொருத்தர் உடம்புலயும் ஐயாயிரம் கோடிக்கு மேல. நாம பேசிக்கிட்டிருக்கிற இந்த நேரத்துலகூட."

சொரிமுத்து தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கே அவருக்கு முட்டி தேய்ந்திருந்தது. இந்தத் தோலுக்குள்ளே, இந்த நிமிஷத்தில், பெயர் தெரியாத கோடி கோடிப் பேர் டார்ச்சும் அகப்பையுமாக வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் சம்பள உயர்வு கேட்டதில்லை, ஒருவருக்கும் ஒருமுறைகூடத் தான் நன்றி சொன்னதில்லை என்று நினைத்து, அந்தப் புறங்கையை மற்றக் கையால் மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"அந்த மேற்பார்வைக்காரரைச் செய்யற குறிப்பு அப்பாகிட்டயிருந்து ஒண்ணு, அம்மாகிட்டயிருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதி இருக்கும்" என்றார் டாக்டர். "உங்க வெள்ளை அணுக்கள்ல ஒரு பிரதி அப்படியே உடைஞ்சு விழுந்துடுச்சு. இன்னொண்ணு சிதைஞ்சு போச்சு. இது பிறவியில வந்ததில்லை, நடுவுல ஆனது. யாரும் கொண்டு வந்து குடுக்கலை. ஆனா பிறவியில வந்தது இன்னொண்ணு இருக்கு. அந்த மேற்பார்வைக்காரருக்கு ஒரு சிநேகிதர் உண்டு. வேலையில்லாதப்போ அவர் கையைப் பிடிச்சு உட்கார வைக்கறது அவரோட பொறுப்பு. அதுவும் அவசியம்தான், இல்லேன்னா இவர் எல்லாரையும் கிளப்பி விட்டுடுவார். சில குடும்பங்கள்ல அந்தச் சிநேகிதருக்குப் பிரியம் கொஞ்சம் அதிகம். வேலை இருக்கும்போதும் விட மாட்டார். உங்களுக்கு அப்படி. உங்க அக்காவுக்கும் இருக்கலாம். அது மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகாது, கோடிப் பேர் அப்படித்தான் வாழறாங்க. உங்களுக்கு மத்ததும் சேர்ந்துக்கிடுச்சு."

சங்கரவடிவு குனிந்து பார்த்தாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து பிடித்திருந்த தம்பியின் மணிக்கட்டை இன்னும் அவள் விடவில்லை.

"பழைய மருந்தெல்லாம் செல்லைக் காயப்படுத்தி, மேற்பார்வைக்காரர்கிட்டப் புகார் குடுக்கற மருந்துங்க" என்றார் டாக்டர். "இங்கே புகாரை வாங்க ஆளில்லை. அதனால வேற மாத்திரை. அது யாரையும் கேட்காம, நேராப் போய்க் கதவைத் திறந்து விட்டுடும். முதல் வாரம் ரொம்பச் சின்னது, அப்புறம் வாரா வாரம் கூட்டி, அஞ்சாவது வாரத்துலதான் முழு அளவு. ஒரேயடியா எல்லாம் கிளம்பினா சிறுநீரகம் தாங்காது. நிறையத் தண்ணி குடிக்கணும். சொல்ற நாள்லாம் வந்து ரத்தம் குடுக்கணும். முழுசாத் தீர்ந்துடும்னு சொல்ல மாட்டேன். நல்லா அடங்கும். சாப்பிடலேன்னா அடுத்த ஆவணியை நீங்க பார்க்கறது கஷ்டம்."

"கொசு?" என்றார் சொரிமுத்து.

"அது எனக்குத் தெரியாது. போயிடும்னுதான் நினைக்கறேன்."

திரும்பி வரும் பஸ் கயத்தாறைத் தாண்டியது. பிறகு சங்கரவடிவு சொன்னாள்: "அந்த மாத்திரை வேண்டாம்ல."

"மதினி!" என்றாள் பொன்னுத்தாய்.

"நீ சும்மா இரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. இவன் ரத்தத்துல ஒரு சொட்டக் குடிச்ச கொசுவே சாகல. ஒடம்பு பூரா அந்த ரத்தத்த வச்சிருக்கவன் எப்படிச் சாவான்? சாமி கண்ணுக்கு நேரா எழுதிக் காட்டிருக்கு. அத அழிக்கிறதுக்கு மாத்திரையா?"

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா ஒங்களுக்கு?"

"விழுந்துச்சு. அந்தம்மா புஸ்தகத்துல படிச்சது. நான் கண்ணால பாத்தது."

சொரிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா சொல்வது தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அது கதகதப்பாக இருந்தது. அதற்குள் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

மாத்திரை டப்பா ஒன்பது நாள் பிரிட்ஜ் மேலேயே இருந்தது. அந்த ஒன்பது நாளும் மூச்சு வாங்குகிறது என்று அவர் வேலைக்குப் போகவில்லை. காலை எட்டு மணிக்கு, சாப்பிட்டு முடித்ததும், அவர் அதை நோக்கிக் கை நீட்டும் நேரத்தில் தூக்குவாளியில் காபியோடு சங்கரவடிவு வாசலில் நிற்பாள். வந்து மணிக்கட்டைப் பிடிப்பாள். அப்பாவைப் பற்றிப் பேசுவாள், கேட்டில் நின்ற சர்க்கஸ் யானையைப் பற்றிப் பேசுவாள், எட்டு ஒன்பதாகும், ஒன்பது பத்தாகும். பொன்னுத்தாய் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். "மதினி, கையை விடுங்க. அவுக மாத்திர போடணும்." "போடலாம்ளா, எங்க ஓடுது?" ஊரும் அக்கா பக்கம்தான் நின்றது. மெனக்கெட்டு வந்து, "அண்ணாச்சி, அவசரப்படாதீய" என்றார்கள். அவர்களிலும் கெட்டவர் ஒருவரும் இல்லை. அதிசயம் நடக்கிற ஊர் என்று பேர் வாங்கிய பிறகு, பதினோரு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊராக மறுபடி ஆவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பத்தாவது நாள் வியாழக்கிழமை. பொன்னுத்தாய் அன்று டப்பாவை அவர் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் ஒருமுறை உள்ளங்கையை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சொரிமுத்து மறுபடி வேலைக்குக் கிளம்பினார். முப்பத்தேழு வீடு முடிப்பதற்குள் பன்னிரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. முப்பத்தெட்டாவது வீட்டில் அக்கா காபியோடு தயாராக இருந்தாள். உட்கார வைத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து, பாதி திறந்த கதவின் பின்னால், அட்டை தெரிந்தது.

அட்டை முழுக்க அவர் கையெழுத்து. கீழே பழைய அட்டைகளின் விளிம்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியவை, பதினோரு வருடம். தபால் தலை அளவு கட்டங்களில் வாரா வாரம் சொரிமுத்து, சொரிமுத்து, சொரிமுத்து. பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று சாட்சி சொல்லும் கையெழுத்து. ஒன்றுகூடப் பார்த்துவிட்டுப் போட்டதில்லை. தனக்குள்ளே கோடி கோடி வீடுகளில் இப்படித்தான் ஒருவன் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தானா, பிறகு ஒருநாள் அவனும் இல்லாமல் போனானா என்று நினைத்தபடி அவர் எழப் பார்த்தார்.

"அக்கா, கையை விடு."

"காபி ஆறுது, குடி."

"கையை விடுக்கா. தொட்டியப் பாக்கணும்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

பதினான்கு படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். "எதுக்குல இந்த வீம்பு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா பொன்னுத்தாய் என்னைத்தான வையுவா" என்று திட்டிக்கொண்டே அவள் பின்னால் ஏறி வந்தாள். மாடியில் வெயில் விழுந்துகிடந்தது. ஒரு மூலை உடைந்திருந்த தொட்டி மூடியை இருவருமாக நகர்த்தினார்கள்.

உள்ளே தண்ணீருக்கு மேலே நான்கு சுவரும் கறுப்பாக இருந்தது. மூச்சு விடுகிற கறுப்பு. ஆவணியிலிருந்து சாகாதவற்றில் ஊருக்குள் இடம் கிடைக்காதவை எல்லாம் அங்கே அடுக்கடுக்காக, ஒன்றின் முதுகில் ஒன்றாக, எல்லாம் தலையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தன. தண்ணீரில் ஒரு புழு இல்லை. ஒரு முட்டை இல்லை. வெளிச்சம் பட்டும் அவை பறக்கவில்லை. விளிம்பை ஒட்டி, கோணலான இடது பின்னங்காலோடு ஒன்று இருந்தது. பாக்கியம் முதலில் அடித்தது. சொரிமுத்து அதன் எதிரே விரலை நீட்டினார். அது விரலில் ஏறி, நின்று, அவரையே பார்த்தது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கொசுக்களை அவர் உற்றுப் பார்த்திருக்கிறார், எதிலும் களைப்பைப் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் வரிசை நகராமல், கவுண்டரில் ஆளும் இல்லாமல், போகவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும் சனங்கள் மாதிரி, அந்தச் சுவர் முழுக்கக் காத்திருந்தது.

சங்கரவடிவு வெகுநேரம் குனிந்து பார்த்தாள். அவள் குரல் தொட்டிக்குள் விழுந்து எதிரொலித்தது.

"ஏல, இதுகள்ட்ட யாருமே கெளம்புன்னு சொல்லலையா?"

"சொல்றதுக்கு ஆளில்லக்கா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "மாத்திர எங்க வச்சிருக்க?" என்றாள்.

அவர் சட்டைப் பையைத் தொட்டார். அவள் கீழே போய்ச் செம்பு நிறையத் தண்ணீரும், தட்டில் இரண்டு இட்லியும் கொண்டு வந்தாள். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்பதை அவள் மறக்கவில்லை. அத்தனையும் அவள் காதில் விழுந்துதான் இருந்தது. மாத்திரை ஒரு மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரியதாக இருந்தது. அவர் விழுங்கினார். கோணல் கால் கொசு அவர் விரலிலேயே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை அதுதான் முதலில் போனது. அடிபடாமல், மருந்து படாமல், அவர் தலைமாட்டில் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துக்கொண்டு, இறக்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு சிறு பொட்டலமாக உதிர்ந்து கிடந்தது. பொன்னுத்தாய் அதைக் காகிதத்தில் எடுத்து, குப்பையில் போட மனமில்லாமல், செம்பருத்திச் செடியின் மண்ணில் வைத்தாள்.

முதல் வாரம் கொஞ்சம். இரண்டாவது வாரம் அதைவிட. அவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார், வந்து மறுபடி குடித்தார். தண்ணீர் வராத நாட்களில் பதினான்காவது வார்டே தன் டிரம்களிலிருந்து ஆளுக்கு ஒரு குடம் கொண்டு வந்து அவர் வாசலில் இறக்கியது, மாத்திரை வேண்டாம் என்று சொன்னவர்களும் இறக்கினார்கள். ஐந்தாவது வாரம், மார்கழிப் பிறப்பன்று காலை பத்து மணிக்கு, மிச்சமிருந்தவை எல்லாம் கிளம்பின. மில்லில் மாவு படிகிற மாதிரி, காற்றில்லாத வெயிலில், அவை ஊர் முழுக்க நிதானமாக இறங்கின. கொடிக்கம்பியிலிருந்து, முருங்கையிலிருந்து, ஜன்னல்களிலிருந்து. கடைக்காரர்கள் கடையை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். இரண்டு மாதமாகக் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் நின்றது, நின்ற பிறகுதான் அது இருந்தது ஊருக்குத் தெரிந்தது, அந்த அமைதியில் முதல் தெருவில் ஒருவர் செருமியது கடைசித் தெருவில் கேட்டது. சிலர் அழுதார்கள். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்றார்கள். பிறகு பெண்கள் துடைப்பத்தை எடுத்து வாசல் பெருக்கினார்கள், ஊரே கூட்டி அள்ளியும் ஒரு முறம் நிறையவில்லை. தவசிமணி பதிவேட்டைத் திறந்து "இறந்தவை:" என்று எழுதி, வெகுநேரம் யோசித்து, "எல்லாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் முருங்கை காய்த்தது. மாசியில் சொரிமுத்துவின் விலாவுக்குக் கீழே கல் தட்டுப்படவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லா அடங்கியிருக்கு, மாத்திரையை விட்டுடாதீங்க" என்றார். அடுத்த ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, கொட்டகையில் பாக்கியம் அவர் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்து, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். ஒரு நிமிஷம் பார்த்தார்கள். இரண்டு நிமிஷம் பார்த்தார்கள்.

"செத்துட்டு, அண்ணாச்சி!" என்றாள் பாக்கியம், பிள்ளை பாஸாகிவிட்டது என்று சொல்கிற குரலில்.

அந்த வியாழக்கிழமை முப்பத்தெட்டாவது வீட்டில் அவர் இதைச் சொன்னபோது, சங்கரவடிவு மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே நின்றாள். "அப்ப என்னுது?" என்று முழங்கையை நீட்டினாள். நெடுங்கரிசலில் கொசுவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்தது, குடித்தது. சொரிமுத்து அடித்தார்.

விழுந்தது. இருவரும் குனிந்தார்கள். ஒரு காலை நீட்டியது. பிறகு இன்னொரு காலை நீட்டியது.

"அப்பா குடுத்தது அப்படியேதான்ல இருக்கு" என்றாள் அக்கா. பயமில்லாமல், பழைய தெருவில் பழைய வீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி.

அவர் இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கினார். பழக்கதோஷத்தில் அவள் கை போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த கையை அவளே பார்த்தாள். கொசு இறக்கையை நீவிக்கொண்டிருந்தது. சங்கரவடிவு விரல்களைப் பிரித்தாள், கையை எடுத்துக்கொண்டாள்.

"ம். அடி."

அடித்தார். இந்த முறை அது எழவில்லை.

"போ, தொட்டியப் பாத்துட்டு வா" என்றாள், அடுப்பைப் பார்த்துத் திரும்பியவாறு. "நீ எறங்கி வந்தப்புறம் காபி போடுறேன்."

சொரிமுத்து அகப்பையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பதினான்கு படியையும் நிற்காமல் ஏறினார்.